பத்துப் பேரை நடத்தக் கற்றுத்தரும் வேலை: தடம் மாற நினைப்பவர்களுக்கு ஓர் அறிமுகம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் உற்பத்தி மேனேஜராக இருந்த காலம். ஆபரேட்டராக இருந்த ஒரு தம்பியை சூப்பர்வைசர் ஆக்கினோம். வேலையில் கெட்டிக்காரர். மிஷின் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். பதவி கொடுத்த இரண்டாவது மாதமே அவருடைய லைன் தடுமாற ஆரம்பித்தது. போய்ப் பார்த்தால், ஷிஃப்ட் தொடங்கி முதல் இருபது நிமிடம் அவரே ஒரு மிஷினில் நின்று ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்த மிஷினுக்குரிய ஆள் தினமும் தாமதமாக வருகிறார். இருவரும் நெருங்கிய நண்பர்கள்.

"நேத்து வரைக்கும் ஒரே டப்பால சாப்பிட்டோம் சார். இன்னைக்குப் போய் ஏன்டா லேட்டுன்னு எப்படிக் கேக்கறது?"

"சூப்பர்வைசர் ஆயிட்டல்ல, கேட்டுத்தான் ஆகணும்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஷிஃப்ட் முடிந்ததும் இருவரும் கேன்டீனில் உட்கார்ந்தோம். "நான்தான் உன் நண்பன். லேட்டா வந்திருக்கேன். கேளு" என்றேன். முதல் தடவை சிரித்துவிட்டார். இரண்டாம் தடவை குரல் ஏறி, திட்டிவிட்டார். மூன்றாம் தடவை எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் அவரே மன்னிப்புக் கேட்டார். நான்காம் தடவை நிதானமாக வந்தது: "மூணு நாளா இருபது நிமிஷம் லேட்டா வர்ற. உன் மிஷின நான் ஓட்டறேன். மத்தவங்கள பாக்க முடியல. என்ன ஆச்சு?"

மறுநாள் அதையே நண்பரிடம் சொன்னார். நண்பரின் மனைவிக்கு நைட் டியூட்டி. அவர் வீடு வந்து சேர்ந்து குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகுதான் இவர் கிளம்ப முடிகிறது. ஒரு மாதத்துக்கு ஷிஃப்டை மாற்றிக் கொடுத்ததில் விஷயம் தீர்ந்தது.

கேன்டீனில் கழிந்த அந்த நாற்பது நிமிடம்தான் என்னை இந்தப் பக்கம் திருப்பியது. அதற்கு ‘லீடர்ஷிப் டெவலப்மென்ட்’ என்று பெயர் இருப்பதும், அதையே முழுநேரத் தொழிலாகச் செய்கிறவர்கள் இருப்பதும் அப்புறம்தான் தெரிந்தது. பத்து, இருபது வருடம் வேறொரு துறையில் வேலை பார்த்துவிட்டு இதற்கு மாறலாமா என்று இப்போது பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எது இந்த வேலை?

தமிழில் ‘தலைவர்’ என்று சொன்னதும் கொடியும் மேடையும் மாலையும் மனதில் வந்து நிற்கின்றன. அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிடுங்கள். பிறர் கையால் ஒரு வேலையை முடித்தாக வேண்டிய பொறுப்பில் இருக்கிற எவரும் இங்கே தலைவர்தான். ஆறு பேருக்கு டீம் லீடராகியிருக்கும் சாஃப்ட்வேர் பெண், மூன்று வார்டு சிஸ்டர்களை நடத்தும் நர்சிங் சூப்பரிண்டெண்டண்ட், புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர், வங்கிக் கிளை மேலாளர், மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர், எல்லோரும் இதில் சேர்த்தி.

இவர்களில் பெரும்பாலோர் தங்கள் வேலையை நன்றாகச் செய்ததற்காகவே பதவி உயர்வு பெற்றவர்கள். உயர்ந்த பிறகு செய்ய வேண்டிய வேலையோ வேறு. நன்றாக கோட் எழுதியவருக்கு இப்போது கோட் எழுதுவது முக்கிய வேலை இல்லை. எழுதுகிற இருவர் முறைத்துக்கொண்டு திரிவதைக் கவனிப்பது வேலை. பழைய திறமை போதவில்லை, புதியது இன்னும் கைக்கு வரவில்லை. அந்த இடைவெளியில் நிற்பவருக்குத் துணையாக இருந்து பழக்கிவிடுவதுதான் லீடர்ஷிப் டெவலப்மென்ட்.

இதை வழக்கமான பயிற்சி வகுப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எக்செல் வகுப்பில் தெரியாததைச் சொல்லிக்கொடுத்தால் வேலை முடிந்தது. நண்பன் லேட்டாக வந்தால் கேட்க வேண்டும் என்பது அந்தத் தம்பிக்குத் தெரியாமலா இருந்தது? நன்றாகவே தெரியும். வாய்தான் வரவில்லை. தெரிந்தும் செய்ய முடியாமல் தவிப்பதுதான் இந்தத் தொழிலின் கச்சாப்பொருள். அதனால் இங்கே ஒத்திகைக்கு இடம் அதிகம், சொற்பொழிவுக்குக் குறைவு. மேடைப் பேச்சு நன்றாக வருகிறது என்பதற்காக மாற நினைப்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். தன்னம்பிக்கைப் பேச்சு வேறு தொழில், அதற்கு வேறு திறமை வேண்டும். இதில் அதிகம் வாய் திறக்க வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்.

கருவிகள் வந்த வழி

இந்தத் துறையில் தினமும் புழங்கும் கருவிகள் எங்கே பிறந்தன என்று தெரிந்துகொண்டால், அவற்றை எப்படிக் கையாளுவது என்பதும் சேர்ந்தே புரியும். எனக்கு மிகவும் பிடித்த கதை 1946இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ பிரிட்டன் என்ற ஊரில் நடந்தது. குர்ட் லெவின், நாஜிகள் காலத்தில் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவில் குடியேறிய யூத உளவியலாளர். இனப் பாகுபாட்டைக் குறைக்க உழைக்கும் சமூகப் பணியாளர்கள், ஆசிரியர்கள் போன்றோருக்கு அவரும் சகாக்களும் அங்கே ஒரு பயிலரங்கு நடத்தினார்கள். பகலெல்லாம் குழுக் கலந்துரையாடல். மாலையில் ஆய்வாளர்கள் மட்டும் கூடி, இன்று குழுவில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று குறிப்புகளை ஒப்பிட்டுப் பேசுவார்கள்.

ஒருநாள் பங்கேற்பாளர்கள் சிலர், நாங்களும் உட்கார்ந்து கேட்கலாமா என்றார்கள். லெவின் சம்மதித்தார். தன்னைப் பற்றிய குறிப்பைக் கேட்ட ஒரு பெண், அது அப்படி நடக்கவில்லை என்று மறுத்தார். விவாதம் சூடு பிடித்தது. அடுத்தடுத்த மாலைகளில் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். பகல் பாடங்களில் கிடைக்காத ஒன்று, தாங்கள் நடந்துகொண்ட விதத்தைப் பிறர் வாயால் கேட்டதில் அவர்களுக்குக் கிடைத்தது. லெவின் 1947 பிப்ரவரியில் இறந்துபோனார். அந்த ஆண்டு கோடையிலேயே மெய்ன் மாநிலத்தின் பெத்தெல் என்ற ஊரில் அவருடைய சகாக்கள் இதை முறையான பயிற்சியாக நடத்தினார்கள். ‘டி-குரூப்’, அதாவது ட்ரெய்னிங் குரூப் என்று அதற்குப் பெயர். அலுவலகங்களில் இன்று ‘ஃபீட்பேக்’ என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் முக்கியமான வேர்களில் ஒன்று அந்த மாலை நேர அறை. இந்தியாவில் இந்த மரபைத் தொடர்வது 1972இல் தொடங்கிய இந்தியன் சொசைட்டி ஃபார் அப்ளைட் பிஹேவியரல் சயன்ஸ் என்ற அமைப்பு.

இன்னொரு கருவி ராணுவத்திலிருந்து வந்தது. ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வுக்குப் போன நண்பர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒரு குழுவிடம் பலகை, கட்டை, கயிறு, டிரம் இவற்றைக் கொடுத்துத் தடைகளைத் தாண்டச் சொல்வார்கள். அதிகாரி ஓரமாக நின்று யார் யோசனை சொல்கிறார், யார் பிறர் யோசனையைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்று கவனிப்பார். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் ராணுவத்தின் அதிகாரித் தேர்வு வாரியங்களில் வளர்ந்த முறை இது. 1956இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. இதைத் தன் மேனேஜர்களிடம் பரிசோதித்தது. இப்போது கம்பெனிகளில் ‘அசெஸ்மென்ட் சென்டர்’ என்கிறார்கள். பெயரைக் கேட்டு ஏதோ கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே நாளில் பல சூழல்களில் ஒருவரை வேலை செய்யவிட்டு, பல கண்களால் பார்க்கும் முறைக்குத்தான் அந்தப் பெயர்.

இந்தியத் தொழில் உலகில் இந்த எண்ணங்கள் வேர்பிடித்ததில் உதய் பாரீக், டி.வி. ராவ் என்ற இரு பேராசிரியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இருவரும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இருந்தவர்கள். அவர்களின் ஆலோசனையில்தான் லார்சன் அண்ட் டூப்ரோ 1975இல் மனிதவள மேம்பாட்டுக்கென்றே ஒரு தனித்துறையை அமைத்தது. (இந்தத் துறையில் ‘எல் அண்ட் டி’ என்று அடிக்கடி காதில் விழும். லர்னிங் அண்ட் டெவலப்மென்ட் என்பதன் சுருக்கம் அது. தமிழில் எழுதினால் கம்பெனிப் பெயரும் அதுவும் ஒன்றுபோலவே தெரியும். வேலை விளம்பரம் படிக்கும்போது கவனம்.)

அப்புறம், 70-20-10 என்ற கணக்கு. மனிதர்கள் தலைமைப் பண்பை 70 சதவீதம் வேலையில் சந்திக்கும் சவால்களிலிருந்தும், 20 சதவீதம் பிற மனிதர்களிடமிருந்தும், 10 சதவீதம் வகுப்பிலிருந்தும் கற்கிறார்கள் என்பார்கள். அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் உள்ள சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்பில், 1980களில் உயர் அதிகாரிகளிடம் ‘உங்களை வளர்த்தது எது’ என்று கேட்டுச் செய்த ஆய்வுகளிலிருந்து கிளம்பியது இது. அவரவர் நினைவிலிருந்து சொன்னதைத் திரட்டிய கணக்கு என்பதால் எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வகுப்பறைக்கு வெளியேதான் பெரும்பாலான வளர்ச்சி நடக்கிறது என்ற செய்தியை நான் நம்புகிறேன். அந்தத் தம்பி வளர்ந்தது கேன்டீனிலும் லைனிலும்தான்.

என்னென்ன வேலைகள் உண்டு?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாரும் ‘ட்ரெய்னர்’. உள்ளே வந்தால் பிரிவுகள் தெரியும். கம்பெனிக்குள்ளேயே சம்பளத்துக்கு இருந்து, யாருக்கு என்ன தேவை என்று கண்டறிந்து ஆண்டு முழுவதும் திட்டமிடும் எல் அண்ட் டி ஆட்கள் ஒரு வகை. குழுவை நடத்தும் ஃபெசிலிடேட்டர் இன்னொரு வகை. ஒருவரோடு மட்டும் மாதம் இருமுறை உட்கார்ந்து பேசும் கோச், அசெஸ்மென்ட் சென்டரில் கவனித்துக் குறிப்பெழுதும் அசெஸர், பயிற்சிக்கான சூழல் கதைகளையும் ரோல் பிளேக்களையும் எழுதித் தருபவர், இவர்களெல்லாம் தனித்தனி. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குக் கடைசி மூன்றிலும் நல்ல இடம் இருக்கிறது.

கம்பெனிகளுக்கு வெளியே இருக்கும் களத்தைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 50 சதவீதமாக உயர்த்தி 2016இல் சட்டம் வந்தது. முதல்முறை ஊராட்சித் தலைவராகும் பெண் ஒருவர், கிராமசபையில் கேள்விகளை எதிர்கொள்ள வேண்டும், அதிகாரியிடம் நிதி கேட்டு வாதாட வேண்டும், கணவரே தலைவர்போல் நாற்காலியில் உட்கார வந்தால் அதையும் சமாளிக்க வேண்டும். இதைவிடக் கடினமான தலைமைப் பயிற்சி எந்தக் கம்பெனியில் இருக்கிறது? மறைமலைநகரில் இருக்கும் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனமும் பல தொண்டு நிறுவனங்களும் இந்தப் பயிற்சிகளை நடத்துகின்றன. பணம் குறைவு. ஆனால் செய்கிற வேலையின் பலனைக் கண்ணால் பார்க்கலாம்.

நான் செய்த முதல் தவறு

வெளியே போய்த் தனியாக நடத்திய முதல் இரண்டு நாள் பயிற்சிக்கு 142 ஸ்லைடு தயாரித்துக்கொண்டு போனேன். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற ஆசை. 24 சூப்பர்வைசர்கள். நன்றாகச் சிரித்தார்கள், குறிப்பெடுத்தார்கள், குரூப் போட்டோ எடுத்துக்கொண்டோம். முடிவில் வாங்கிய கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு 4.7. சந்தோஷமாக வீடு திரும்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அதே யூனிட்டுக்கு வேறு வேலையாகப் போனபோது அவர்களில் ஏழெட்டுப் பேரைப் பார்த்தேன். அந்தப் பயிற்சியிலிருந்து எதைச் செய்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒருவர் கயிறு விளையாட்டு நன்றாக இருந்தது என்றார். மற்றவர்கள் ரொம்ப நல்லா இருந்துச்சு சார் என்றார்கள். செய்து பார்த்தது என்று ஒன்றுகூட இல்லை. அன்று எனக்கு உண்மையாகவே வலித்தது. 24 பேரின் இரண்டு நாளை வாங்கிவிட்டு ஒன்றும் தராமல் வந்திருக்கிறேன்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் எழுதிய கட்டுரைகளில் சொன்ன நான்கு நிலைகள். பங்கேற்றவருக்குப் பிடித்ததா என்பது முதல் நிலை. ஏதாவது கற்றாரா என்பது இரண்டாவது. திரும்பிப் போய் நடந்துகொள்ளும் விதம் மாறியதா என்பது மூன்றாவது. அதனால் வேலையில் ஏதாவது விளைந்ததா, ரிஜெக்‌ஷன் குறைந்ததா, ஆட்கள் வேலையை விட்டுப் போவது நின்றதா என்பது நான்காவது. நான் வாங்கிய 4.7 முதல் நிலைக்கான மதிப்பெண். கம்பெனி பணம் கொடுப்பதோ மூன்றும் நான்கும் நடக்க வேண்டும் என்பதற்காக.

அதற்குப் பிறகு ஸ்லைடுகளை 20க்குள் சுருக்கினேன். இரண்டு நாளை ஒரே மூச்சில் நடத்தாமல், நடுவில் மூன்று வாரம் இடைவெளி விட்டு ஒவ்வொரு நாளாகப் பிரித்தேன். முதல் நாள் முடியும்போது ஒவ்வொருவரும் ஒரே ஒரு உரையாடலைத் தேர்ந்தெடுப்பார். யாரிடம், எதைப் பற்றி, எந்த நாளில் பேசப்போகிறார் என்று அட்டையில் எழுதுவார். இரண்டாம் நாள் அங்கிருந்துதான் தொடங்கும்: பேசினீர்களா, என்ன ஆயிற்று? பேசாதவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள். ஏன் பேசவில்லை என்பதுதான் அன்றைய பாடம். அறுபதாவது நாள் ஒவ்வொருவருக்கும் போன் செய்வேன். இந்தப் போன் அழைப்புகளை இன்றுவரை விட்டதில்லை.

கை மாற வேண்டிய பழக்கங்கள்

இன்ஜினியர், கணக்காளர், டாக்டர் என்று எந்தத் துறையிலிருந்து வந்தாலும் ஒரு பழக்கத்தை விடுவது கஷ்டமாக இருக்கும். அதுதான் பதில் சொல்லும் பழக்கம். இத்தனை வருடம் கேட்டவுடன் பதில் சொன்னதற்காகத்தான் நமக்கு மரியாதை கிடைத்திருக்கிறது. இங்கே ஒருவர் பிரச்சினையைச் சொன்னதும் தீர்வைச் சொல்லிவிட்டால், அவர் தலையாட்டிவிட்டுப் போவார். திரும்பிப் போய் அதைச் செய்யமாட்டார். அது உங்கள் தீர்வு.

கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். குழுவில் நாலு எண்ணும்போதே அமைதி தாங்க முடியாமல் நாமே பேசத் தோன்றும். பேசாமல் இருந்தால் ஏழிலோ எட்டிலோ பின்வரிசையிலிருந்து ஒருவர் தொண்டையைச் செருமுவார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவராக இருப்பார். அவர் சொல்வதுதான் பெரும்பாலும் அந்த நாளின் முக்கியமான பேச்சாக இருக்கும்.

இன்னொன்று ரகசியம் காப்பது. பயிற்சி முடிந்து வெளியே வந்ததும் பெரிய அதிகாரி தோளில் கைபோட்டு, "எங்க ஆளுங்கள்ல யாரு சரியில்லன்னு நீங்க சொல்லுங்க" என்பார். அவரே சம்பளம் தருகிறவர். சொல்லக் கூடாது. குழுவில் பேசியது குழுவோடு இருக்கும் என்று முதல் மணி நேரத்திலேயே வாக்குக் கொடுத்திருக்கிறோம். ஆட்களை மதிப்பிட வேண்டும் என்றால் அதற்கு அசெஸ்மென்ட் என்று தனி ஏற்பாடு இருக்கிறது. அது மதிப்பீடு என்று பங்கேற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் கலப்பவர்களுக்கு அடுத்த முறை யாரும் மனம் திறக்கமாட்டார்கள்.

எப்படி மாறுவது?

வேலையை விட்டுவிட்டு மாறாதீர்கள். இப்போது இருக்கும் வேலைதான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் முதல் பயிற்சிக்கூடம், அதுவும் சம்பளத்தோடு. உங்கள் கீழே புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் அவரோடு உட்காருங்கள். நடந்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: அவர் என்ன சொன்னார், நான் எங்கே குறுக்கே பேசினேன், அடுத்த சந்திப்புக்குள் அவர் என்ன செய்தார். ஆறு மாதத்தில் அந்த நோட்டே நீங்கள் இதற்குப் பொருத்தமானவரா என்று காட்டிவிடும். உட்காருவதே சுமையாகத் தோன்றினால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்து, உங்கள் எச்.ஆர். பிரிவில் போய், உள் பயிற்சிகளில் உதவி செய்கிறேன் என்று சொல்லுங்கள். வெளியிலிருந்து அனுபவமுள்ள ஃபெசிலிடேட்டர் வரும்போது அவருக்குத் துணையாக இருக்கக் கேளுங்கள். சார்ட் ஒட்டுவதிலிருந்து தொடங்கினால் போதும். தேநீர் இடைவேளைக்குப் பிறகு அவர் ஏன் திட்டத்தை மாற்றினார் என்று அன்று மாலையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

பிறரை நடத்தும் முன், ஒரு குழுவில் நீங்களே பங்கேற்பாளராக உட்கார்ந்து பார்ப்பது அவசியம். டி-குரூப் மரபைத் தொடர்வதாக முன்பு சொன்ன அந்த இந்திய அமைப்பு போன்றவை நடத்தும் அடிப்படைப் பயிற்சிகளில், நாள்கணக்கில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் நடப்பதையே பேசுவார்கள். பாடத்திட்டம் இருக்காது. நான் பேசும்போது மற்றவர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள் என்பதை ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னது அப்படி ஒரு குழுவில்தான். பதினாறு வருடம் மேனேஜராக இருந்த காலத்தில் யாரும் சொல்லாதது.

சான்றிதழைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் கடைசியில்தான் சொல்வேன். பயிற்சித் துறையில் அடிப்படை வேண்டுமென்றால், 1970இல் தொடங்கிய இந்தியன் சொசைட்டி ஃபார் ட்ரெய்னிங் அண்ட் டெவலப்மென்ட் ஒரு டிப்ளமோ நடத்துகிறது. கோச்சிங் பக்கம் போவதென்றால், 1995இல் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷனின் தகுதிச் சான்றுகளைக் கம்பெனிகள் அதிகம் கேட்கின்றன. அதன் முதல் படியான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும் வேண்டும். அடுத்த படியான பி.சி.சி.க்கு 125 மணி நேரப் படிப்பு, 500 மணி நேர அனுபவம். படிப்பைவிட அனுபவ மணி எப்போதும் கூடுதலாக இருப்பதைக் கவனியுங்கள். ‘இரண்டே நாளில் மாஸ்டர் கோச்’ என்று விளம்பரம் வந்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்

தனியாகத் தொழில் செய்தால் நாள் கணக்கில் கட்டணம். ஒரு நாள் கட்டணத்தைக் கேட்டால் பெரிதாகத் தெரியும். என் அனுபவத்தில் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் தயாரிப்பு, பயணம், முன்பேச்சு என்று இரண்டு நாளாவது இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பட்ஜெட் முடிவாகாமல் வேலை வற்றும். கொடுக்கும் தொகையில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை ஈடுசெய்துகொள்ளலாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம்.

பெரிய கம்பெனிகள் பில்லை மாதக்கணக்கில் இழுப்பது உண்டு. மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் சிறுதொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், அது இலவசம். பதிவு செய்தவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. பில்லில் அந்தப் பதிவு எண் இருந்தாலே அக்கவுண்ட்ஸ் பிரிவில் கொஞ்சம் வேகம் கூடும்.

எனக்கு முதல் கேன்டீன் ஒத்திகையிலிருந்து வேலையை விடுவதற்கு நான்கு வருடம் ஆயிற்று. கடைசி ஒன்றரை வருடம் சனிக்கிழமைகளில் மட்டும் விடுப்பு எடுத்துப் பயிற்சி நடத்தினேன். ஒரு வருட வீட்டுச் செலவு வங்கியில் சேர்ந்த பிறகுதான் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் கணக்கைக் காட்டிய பிறகு.

உங்களிடம் ஏற்கனவே இருப்பது

"எனக்கு அந்த மாதிரி இங்கிலீஷ் வராதே" என்று தயங்குபவர்கள் நிறைய. தொழிற்சாலை, மருத்துவமனை, ஜவுளிக்கடை, போக்குவரத்து என்று தமிழிலேயே ஆட்களை நடத்த வேண்டிய இடங்கள் எத்தனை! அங்கே தமிழில் நன்றாக நடத்தத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலான பயிற்சிப் பொருள்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றில் வரும் மனிதர்கள் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். நம் இடத்தில் பாதிப் பிரச்சினை கூப்பிடுவதிலேயே இருக்கிறது.

26 வயது டிப்ளமோ பையன் சூப்பர்வைசர். கீழே வேலை செய்பவருக்கு 50 வயது, இவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். ‘அண்ணே’ என்று கூப்பிட்டுக்கொண்டே அவர் வேலையில் இருக்கும் குறையை எப்படிச் சொல்வது? நேற்றுவரை ‘டா’ போட்டுப் பேசிய நண்பனை இன்று ‘ங்க’ போட்டு அழைத்தால், பதவி வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்பான். ‘டா’வையே தொடர்ந்தால் மற்றவர்கள் பாரபட்சம் என்பார்கள். புதிதாக வந்த பெண் ட்ரெய்னியை ‘வாம்மா’ என்பதா, ‘வாங்க’ என்பதா? இதற்கெல்லாம் வெளியூர்ப் பாடப்புத்தகத்தில் பதில் கிடையாது. பத்து வருடம் அந்த லைனிலோ வார்டிலோ நின்றவருக்குத்தான் இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியும். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பழைய வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வர வேண்டியதில்லை. எச்.ஆர். படித்துவிட்டு நேரே வருகிறவரிடம் இல்லாத மூலதனம் அதுதான்.

என்னுடைய எல்லாப் பயிற்சியிலும் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். ஒவ்வொருவரும் தன் டீமில் இருப்பவர்களின் பெயரை வரிசையாக எழுதி, எதிரே இப்போது எப்படிக் கூப்பிடுகிறேன் என்று எழுதுவார்கள். பிறகு இருவர் இருவராக உட்கார்ந்து, யாரிடம் பேசுவது கஷ்டம், கூப்பிடும் விதத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று பேசுவார்கள். அறையில் சத்தம் ஏறிவிடும். சிலர் அண்ணன் என்றே கூப்பிட்டு, வேலை விஷயத்தை மட்டும் தனியாக உட்கார்ந்து சொல்வது என்று முடிவு செய்வார்கள். சிலர் ஷிஃப்ட் நேரத்தில் எல்லோருக்கும் ‘ங்க’ என்று முதல் நாளே அறிவித்துவிடுவார்கள். இதுதான் சரி என்று நான் ஒன்றையும் சொல்வதில்லை. அவரவர் லைன் அவரவருக்குத்தான் தெரியும்.

சில மாதங்களுக்கு முன் ஓரகடத்தில் ஒரு பேட்ச். அறுபதாவது நாள் போனில், நண்பர்கள் நடுவே சூப்பர்வைசரான ஒரு தம்பியிடம் இதைக் கேட்டேன். "டா-வ விடல சார். அவன் லேட்டா வர்ற அன்னைக்கு மட்டும் ‘வாங்க’ன்னுவேன். அவனே வந்து என்னன்னு சொல்லிடறான்" என்றார். என் நோட்டில் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.